ஜவ்வாதும் 'சிவெட்'டும் சொந்தக்காரங்க!



ஒரு கேள்வி. ஆங்கில அகராதியை, 'ஏ' பக்கத்தில் இருந்து மனப்பாடம் செய்ய ஆரம்பித்தவர்கள் யாரெல்லாம்? கை தூக்குங்க... அடேயப்பா, எத்தனை கை! சரி, 'பி' முடித்தவர்கள்? பாதிக் கை கீழே இறங்கி விட்டது. 'சி' முடித்தவர்கள்? ஒருத்தரையும் காணோம்!

வெட்கப்படாதீங்க. நானும், 'பி'யோடு நின்றவன் தான். எட்டாம் வகுப்பில், தினம் 20 வார்த்தை என்று நோட்டு போட்டு எழுதினேன். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். வெள்ளிக்கிழமை படித்தது, திங்கட்கிழமை ஞாபகம் இருக்காது. மீதி இருந்த வார்த்தைகளும் வம்பு தான் செய்தன. 'நாக்டர்னல்' என்றால், 'இரவு நேரத்தில் இயங்குவது' என்று படித்திருந்தேன். என் அப்பாவுக்கு மில்லில் நைட் ஷிப்ட். அப்பாவைப் பற்றிய கட்டுரையில், 'மை ஃபாதர் இஸ் எ நாக்டர்னல் அனிமல்' என்று எழுதி, டீச்சரிடம் நீட்டினேன். "ஏன்டா... உங்கப்பா ஆந்தையா, வவ்வாலா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! வகுப்பே சிரித்தது. ஆனால், ஒரு விஷயம்... அந்த நோட்டில் எழுதியதில், இன்று வரை மறக்காத வார்த்தை அது ஒன்று தான்.

ஏன் மறக்கவில்லை? அந்த வார்த்தையோடு அப்பா, ஆந்தை, டீச்சர், சிரிப்பு எல்லாம் ஒட்டிக் கொண்டு விட்டன. தனியாக நிற்கிற வார்த்தை ஓடி விடும். ஏதாவது ஒன்றோடு கட்டிப் போட்டால், நிற்கும்.

கட்டிப் போட நல்ல இடம் ஒன்று சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை மேல் இருக்கிற ஜமுனாமரத்தூர். போளூரில் பஸ் ஏறுவோம், வாங்க. அகராதி வேண்டாம், ஒரு குட்டி நோட்டும், பென்சிலும் போதும்.

பஸ் கிளம்புவதற்கு முன்பே முதல் வார்த்தை கிடைத்து விட்டது. மலையின் பெயரைப் பாருங்கள், ஜவ்வாது! கோவிலிலும், கல்யாண வீட்டிலும் பூசிக் கொள்ளும் வாசனைப் பொருளுக்கும் அதே பெயர். அரபு மொழியில், 'ஸபாத்' என்றால், புனுகுப் பூனையிடம் இருந்து எடுக்கும் வாசனைப் பொருள். அந்த, 'ஸபாத்' கிழக்குப் பக்கம் கப்பலேறி வந்து, நம் ஊரில் 'ஜவ்வாது' ஆனது. மேற்குப் பக்கம் போய், இத்தாலியில், 'ஸிபெட்டோ' ஆகி, பிரான்சில், 'சிவெட்' ஆகி, ஆங்கிலத்திலும், 'சிவெட்' என்றே நின்று விட்டது. சி, ஐ, வி, இ, டி. புனுகுப் பூனைக்கும், அதன் வாசனைப் பொருளுக்கும் ஆங்கிலப் பெயர் அது தான். ஆக, ஜவ்வாதும், சிவெட்டும், ஒரு தாத்தாவின் இரண்டு பேரப் பிள்ளைகள். இனிமேல், 'சிவெட்' மறக்குமா?

பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு யோகம். கோடை மழை நாலு தூறல் போட்டு நின்று விட்டது. மூக்கை நீட்டுங்கள். காய்ந்த மண்ணில் மழை பட்டதும் வருமே ஒரு வாசனை... நாம் மண் வாசனை என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ரொம்ப நாள் ஒரு தனி வார்த்தை இல்லை. 1964ல், ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பியர், ரிச்சர்டு தாமஸ் இருவரும் சேர்ந்து, 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தனர். கிரேக்க மொழியில், 'பெட்ரா' என்றால் பாறை. 'இகோர்' என்பது, கிரேக்கக் கதைகளில் வரும் கடவுளரின் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஓடுமாம். பாறையின் ரத்தம்! என்ன கற்பனை பாருங்க. 'பெட்ரா' வேறு எங்கே வருகிறது தெரியுமா? பெட்ரோலியத்தில்! 'ஓலியம்' என்றால் எண்ணெய், பாறை எண்ணெய். நம் பஸ் குடிப்பதும், நம் மூக்கு குடிப்பதும் சொந்தக்காரங்க.

ஜமுனாமரத்தூர் வந்தாச்சு, இறங்குங்க. கடைத்தெருவில் மூட்டை மூட்டையாக மலைச் சரக்கு. புளி, பலா, தேன், சாமை, கடுக்காய்...

புளியைப் பாருங்கள். ஆங்கிலத்தில், 'டாமரிண்ட்' என்பது உங்களுக்குத் தெரியும். அதை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அரபு மொழியில், 'தமர்' என்றால் பேரீச்சை. 'ஹிந்தி' என்றால் இந்தியாவைச் சேர்ந்தது. 'தமர் ஹிந்தி' தான் டாமரிண்ட். புளியைப் பார்த்த அரபு வியாபாரிகளுக்கு, அவர்கள் ஊர் பேரீச்சை ஞாபகம் வந்து விட்டது போலும். வேடிக்கை என்னவென்றால், அது பேரீச்சையும் இல்லை. புளிய மரம் முதலில் தோன்றியது இந்தியாவிலும் இல்லை, ஆப்பிரிக்காவில்! தப்பான பெயரோடு உலகம் முழுக்கச் சுற்றுகிறது.

பக்கத்தில் பலாப்பழம். 'ஜாக்ஃப்ரூட்' என்கிறோமே, யார் அந்த ஜாக்? அப்படி ஒருவர் இல்லவே இல்லை. மலையாளத்தில் பலாவுக்கு, 'சக்கை' என்று பெயர். போர்ச்சுக்கீசியர் கேரளத்தில் வந்து இறங்கி, 'சக்கை'யை, 'ஜாக்கா' ஆக்கினர். ஆங்கிலேயர் அதை, 'ஜாக்' ஆக்கி விட்டனர். 'மாங்கோ'வும் அப்படித்தான்... நம், 'மாங்காய்' தான் போர்ச்சுக்கீசியர் வாயில், 'மாங்கா' ஆகிப் போனது.

இப்போது ஒரு கஷ்டமான வார்த்தை. கடுக்காயைக் கையில் எடுங்கள். இதன் ஆங்கிலப் பெயர், 'மைராபலன்'. எம், ஒய், ஆர், ஓ, பி, ஏ, எல், ஏ, என். 'ரா'வை அழுத்திச் சொல்ல வேண்டும். கிரேக்க மொழியில், 'மைரான்' என்றால் வாசனைத் தைலம். 'பலனாஸ்' என்றால் ஓக் மரத்தின் கொட்டை. தைலக் கொட்டை என்று வைத்துக் கொள்ளுங்களேன். பாட்டி இதை மருந்து டப்பாவில் வைத்திருப்பார். ஆனால், மலைக்கு வடக்கே, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கேட்டால், தோல் பதனிட உதவும் காய் என்பார்கள். இதில் இருக்கிற துவர்ப்பு, ஆட்டுத் தோலையும், மாட்டுத் தோலையும் அழுகாமல் காக்கும். தோல் பதனிடுவதற்கு ஆங்கிலத்தில், 'டானிங்'. தோல் ஷாப், 'டானரி'. பழைய காலத்தில், ஐரோப்பாவில் இதற்கு ஓக் மரப்பட்டையைத் தான் இடித்துப் போட்டனர். அந்தப் பட்டைக்குப் பெயர், 'டான்'. வெயிலில் முகம் கறுத்தால், 'சன்டான்' என்று அக்கா புலம்புகிறாரே, அதுவும் இந்த டான் தான். கடுக்காயில் ஆரம்பித்து, அக்காவின் முகப் பவுடர் வரைக்கும் வந்து விட்டோம்!

தேன் பாட்டிலைத் திறந்தால், ஒரு அழகான வார்த்தை ஒழுகும். 'மெலிஃப்லுவஸ்'. எம், இ, எல், எல், ஐ, எஃப், எல், யு, ஓ, யு, எஸ். லத்தீனில், 'மெல்' என்றால் தேன்; 'ஃப்லு' என்றால் ஒழுகுவது. குரலோ, பேச்சோ இனிமையாக இருந்தால், இந்த வார்த்தையைப் போடலாம். நாம், 'தேனொழுகப் பேசுகிறார்' என்போமே... அதே, அப்படியே! எங்கோ ரோமாபுரியில் இருந்தவர்களுக்கும், நமக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. பி.சுசீலாம்மாவின் குரல் மெலிஃப்லுவஸ். உங்கள் தம்பி குளியலறையில் பாடுவதற்கு, இந்த வார்த்தையை வீணாக்காதீங்க. அதை விட முக்கியம், ஹெட்மாஸ்டருக்கு எழுதும் லீவ் லெட்டரில் போட வேண்டாம்!

கடைத்தெருவில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் தந்தது, சாமை மூட்டை தான். ஜவ்வாது மலை என்றாலே சாமை. இதன் ஆங்கிலப் பெயர் என்ன? 'லிட்டில் மில்லெட்'. அதாவது, குட்டிச் சிறுதானியம். அவ்வளவு தான்! தினைக்கு, 'ஃபாக்ஸ்டெயில்'... கதிரைப் பார்த்தால் நரி வால் மாதிரியே இருக்கும். கேழ்வரகுக்கு, 'ஃபிங்கர்'... கதிர், விரல்களை மடக்கினாற் போல இருக்கும். இவற்றுக்கெல்லாம் உருவம் பார்த்துப் பெயர் வைத்தவர்கள், சாமைக்கு மட்டும், 'சின்னது' என்று சொல்லி விட்டுப் போய் விட்டனர்.

அங்கே, வாசலில் ஒரு பாட்டி முறத்தில் சாமை புடைக்கிறார். இந்த வேலைக்கு ஆங்கிலத்தில், 'வின்னோ'. பழைய ஆங்கிலத்தில், 'விண்ட்', அதாவது காற்று என்ற வார்த்தையில் இருந்து பிறந்தது. காற்றில் தூற்றுவது. சரி... தமிழில் தூற்றுவது வேறு, புடைப்பது வேறு, கொழிப்பது வேறு. ஆங்கிலத்தில் மூன்றுக்கும், 'வின்னோ' ஒன்றையே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே சரியாகத் தெரியாமல் இருந்தது; முறம் பிடித்துக் காட்டினால் தான் புரியும். உங்கள் வீட்டில் முறம் பிடிக்கத் தெரிந்தவர்களிடம், இன்றைக்கே கேட்டு வையுங்கள். அவர்களுக்குப் பிறகு, எந்த அகராதியும் செய்து காட்டாது.

இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு, 'மலையாளி' என்று பெயர். உடனே, "கேரளாவா அங்கிள்?" என்று கேட்காதீங்க. மலையில் வாழ்பவர் என்பதால், மலையாளி, பேசுவது தமிழ். ஒரே எழுத்து, ஒரே ஒலி, ஆனால் பொருள் வேறு. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட வார்த்தைகளை, 'ஹோமோனிம்' என்பர். இந்த மலையிலேயே இன்னொரு ஹோமோனிம் வளர்கிறது. சந்தன மரம்! சந்தனத்துக்கு, 'சாண்டல்', காலில் மாட்டும் செருப்புக்கும், 'சாண்டல்'. நெற்றிக்கும், காலுக்கும் ஒரே பெயரா என்று கோபப்படாதீங்க. செருப்பு, கிரேக்கத்தில், 'சாண்டலான்' என்ற வார்த்தையில் இருந்து வந்தது. சந்தனம், நம் சமஸ்கிருத, 'சந்தன'த்தில் இருந்து போனது. இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். முகம் மட்டும் ஒன்றாக இருக்கிறது.

சந்தன மரத்திடம் ஒரு ரகசியம் உண்டு. இலையில் தன் உணவைத் தானே தயாரித்துக் கொள்ளும். ஆனால், மண்ணுக்கு அடியில், பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைச் செருகி, நீரையும், சத்தையும் உறிஞ்சும். பாதி நல்ல பிள்ளை, பாதி திருட்டுப் பிள்ளை. இதற்கு, 'ஹெமிபாரசைட்' என்று பெயர். 'ஹெமி' என்றால் பாதி. 'பாரா' என்றால் பக்கத்தில். 'சைட்' என்பது, கிரேக்கத்தில் உணவைக் குறிக்கும், 'சிட்டோஸ்'. பழைய கிரேக்க நாட்டில், அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போய் உட்காருகிறவருக்குத் தான், 'பாரசைட்' என்று பெயர். பிறகு தான், பேன், கொக்கிப்புழுவுக்கெல்லாம் அது போயிற்று. உங்கள் வகுப்பில், டிபன் பாக்ஸ் திறந்ததும் பக்கத்தில் வந்து உட்காரும் நண்பன் யார்? பெயரைச் சொல்ல வேண்டாம்!

வெயில் ஏறி விட்டது. பீமன் அருவிக்குப் போவோம். அருவி என்றால், 'வாட்டர்ஃபால்ஸ்'. அது எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாத ஒன்று, 'கேட்டராக்ட்'. "அது பாட்டியின் கண் ஆபரேஷன் ஆச்சே..." என்கிறீர்கள். அதே தான்! பெரிய அருவிக்கும், கண் புரைக்கும் ஒரே வார்த்தை. லத்தீனில், மேலிருந்து வேகமாக விழுகிற அருவியையும், கோட்டை வாசலில் மேலிருந்து இறக்கும் இரும்புக் கம்பிக் கதவையும், 'கேட்டராக்டா' என்றனர். கண்ணுக்குள் ஒரு திரை இறங்கி, பார்வையை அடைக்கிறது அல்லவா... கோட்டைக் கதவு இறங்கினாற் போல! அதனால், நோய்க்கும் அந்தப் பெயர் வந்தது. இன்று வீட்டுக்குப் போய், பாட்டியிடம் சொல்லுங்கள்: "பாட்டி, உங்க கண்ணுல இருந்தது அருவி!" பீமன் அருவியைப் போலச் சிறியவற்றுக்கு, 'கேஸ்கேட்' என்று ஒரு மென்மையான வார்த்தை இருக்கிறது. அது போதும்.

இந்த மலையில் அங்கங்கே, நாலு பக்கமும் பலகைக் கல் நட்டு, மேலே ஒரு பெரிய கல்லை மூடி வைத்த, 'கல்திட்டை'கள் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், இறந்தவர்களுக்காக எழுப்பியவை. ஆங்கிலத்தில், 'டால்மென்'. பிரான்சின் ஓரத்தில் பேசும் பிரெத்தான் மொழியில், 'டால்' என்றால் மேசை. 'மென்' என்றால் கல். கல் மேசை. அங்கேயும் இதே போல் இருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்க்காத மக்கள், ஒரே மாதிரி கல் அடுக்கியிருக்கின்றனர். ஏறி விளையாடக் கூடாது. தள்ளி நின்று பார்த்து விட்டு வாருங்கள்.

பொழுது சாய்ந்து விட்டது. இனி தான் நம் பயணத்தின் முக்கியமான இடம். மலையின் இன்னொரு பக்கம், திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிற காவலூர். இங்கே வேலை செய்பவர்கள் எல்லாரும் நாக்டர்னல்! வானத்தைப் பார்ப்பவர்கள் ஆயிற்றே. ஊர் தூங்கும் போது தான், அவர்களுக்கு வேலை. (டீச்சர்... நான் எழுதியது அவ்வளவு தப்பில்லை, பாருங்க!) லத்தீனில், 'நாக்ஸ்' என்றால் இரவு. 'ஈக்வினாக்ஸ்' என்று சமூக அறிவியலில் படிக்கிறீர்களே, பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்... அதன் வாலில் இருப்பதும் இந்த, 'நாக்ஸ்' தான்.

நகர வெளிச்சம் இல்லாத இருட்டு வானத்தைத் தேடி அலைந்த விஞ்ஞானி வைணு பாப்பு, இந்த மலைக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். 1968ல், ஒரு சின்னத் தொலைநோக்கியோடு வேலை துவங்கியது. பிறகு, 2.34 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய தொலைநோக்கி, 1986ல் வந்தது. ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரையே வைத்தனர். பார்க்கத் தான் அவர் இல்லை, 1982ல் காலமாகி விட்டார்.

காவலூர் தரும் வார்த்தை, 'ஆக்கல்டேஷன்'. ஓ, சி, சி, யு, எல், டி, ஏ, டி, ஐ, ஓ, என். லத்தீனில், 'மறைத்தல்' என்று பொருள். வானத்தில் நிலாவோ, ஒரு கோளோ, தூரத்தில் உள்ள நட்சத்திரத்துக்கு முன் வந்து அதை மறைத்தால், அது ஆக்கல்டேஷன். "மறைந்தால் என்ன, பிறகு வந்து விடுமே" என்று நினைப்பீர்கள். 1977, மார்ச் 10ம் தேதி இரவு என்ன நடந்தது, கேளுங்க.

யுரேனஸ் கோள் அன்று ஒரு நட்சத்திரத்துக்கு முன் போக இருந்தது. உலகில் பல இடங்களில் விஞ்ஞானிகள் விழித்திருந்தனர். அமெரிக்கர்கள் ஒரு விமானத்திலேயே தொலைநோக்கியை வைத்து, இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்தனர். காவலூரில், 1 மீட்டர் தொலைநோக்கி காத்திருந்தது. யுரேனஸ் இன்னும் நட்சத்திரத்தின் அருகில் வரவே இல்லை... அதற்குள் நட்சத்திரம் சட்டென்று மங்கி, மறுபடி பளிச்சென்றது! மேகமா? இல்லை. விமானத்தில் இருந்தவர்கள், இப்படிப் பல முறை மங்குவதைக் கண்டனர். காவலூர் கருவியும் அந்த மங்கலைப் பதிவு செய்தது. யுரேனஸ் கடந்து போன பிறகு, மறுபக்கத்திலும் அதே போல் மங்கல். அப்படியென்றால்? சனிக் கோளுக்கு இருப்பது போல, யுரேனசைச் சுற்றியும் வளையங்கள்! அதுவரை, வளையம் சனிக்கு மட்டும் தான் என்று புத்தகங்களில் இருந்தது. ஒரு நட்சத்திரம் கண்ணாமூச்சி ஆடியதால், புத்தகத்தையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

'அக்கல்ட்' என்று இன்னொரு வார்த்தை இருக்கிறது. மந்திரம், மாயம் போன்ற ரகசிய வித்தைகளைக் குறிக்கும். அதுவும், 'மறைத்தல்' குடும்பம் தான். தமிழைப் பாருங்கள்... 'மறை' என்றால் ஒளித்து வை. வேதத்துக்கும், 'மறை' என்று பெயர். எவ்வளவு பொருத்தம்!

கிளம்பும் முன், ஒன்றே ஒன்று. 1988ல், காவலூரில் விஞ்ஞானி ராஜமோகன் ஒரு, 'ஆஸ்டிராய்டு', அதாவது குறுங்கோள் கண்டுபிடித்தார். அதற்கு, நம் கணித மேதை ராமானுஜன் பெயர். 'ஆஸ்டர்' என்றால் நட்சத்திரம். ஆஸ்டிராய்டு என்றால், நட்சத்திரம் போன்றது. வார்த்தையைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர், வில்லியம் ஹெர்ஷல். யுரேனசைக் கண்டுபிடித்த அதே ஆள். 'டிசாஸ்டர்' என்ற வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள்... உள்ளே ஆஸ்டர் கேட்கிறதா? கெட்ட நட்சத்திரம்! பேரிடர் வந்தால், கிரகம் சரியில்லை என்று சொல்வது நம் ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

பஸ் வந்து விட்டது. நோட்டில் எத்தனை வார்த்தை சேர்ந்தது என்று வழியில் எண்ணிக் கொள்ளுங்கள். அதற்குள் தூங்கி விடாமல் இருக்க, ஒரு புதிர். கீழே உள்ள நான்கும், ஆங்கில அகராதியில் இருக்கிற வார்த்தைகள். நான்குமே நம் தமிழில் இருந்து போனவை. அசல் பெயர் என்ன?

1. கேட்டமரன் – கடலில் போகும்.

2. மல்லிகடானி – வெள்ளைக்காரர் ஓட்டலில் கிண்ணத்தில் வரும் காரமான சூப்.

3. கான்ஜி – காய்ச்சல் வந்தால் அம்மா கொடுப்பது.

4. கொரண்டம் – வைரத்துக்கு அடுத்தபடி கடினமான கல். சிவப்பாக இருந்தால் மாணிக்கம்.

விடைகள்: 1. கட்டுமரம், 2. மிளகுத்தண்ணீர், 3. கஞ்சி, 4. குருந்தம்.